இரண்டாவது பக்கம்

அன்பு நண்பருக்கு,

என் மகளும் நீங்கள் பயிற்சி கொடுக்கும் நம் பள்ளிக் கபடி அணியின் ரைடருமான பாரதிக்கு நேற்று சேலத்தில் முழங்கால் ஆபரேஷன் முடிந்தது. போனில் "நல்லாயிருக்கா" என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

அறுந்த தசைநாரைச் சரிசெய்துவிட்டார்கள். அது கயிறு மாதிரி, வேறு கட்டலாம். ஆனால் இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வு உண்டு. பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடைக்கு அடியில் வைப்பார்களே சும்மாடு, அதுபோல. அதுவும் அவள் ஆட்டத்தில் விழுந்த அன்றே கிழிந்திருக்கிறது. அப்போதே தைத்திருக்கலாமாம். அந்தக் காலோடு மூன்று ஆட்டம் ஆடியதில் நைந்துபோய், பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி அவள் ஆட முடியாது.

நீங்கள் வாங்கித் தந்த ஸ்கேன் அறிக்கையை டாக்டரிடம் நீட்டினேன். "ரெண்டாவது பக்கம் எங்கீங்க?" என்றார். ஸ்கேன் சென்டரில் நகல் கேட்டோம். தசைநார் அறுந்ததும் சவ்வு கிழிந்ததும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. இரண்டு பக்கமும் பெற்றுக்கொண்டதாக அவர்கள் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் இருந்தது.

"லேசா இழுத்திருக்குதுங்க சார், கட்டுப் போட்டு ஆடிரலாம், செலக்சன் வருதில்ல" என்றீர்கள். கேள்வித்தாளைக் கடைசிவரை புரட்டிப் பாருங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாத்தியார் நான். நீங்கள் கொடுத்ததை மட்டும் புரட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். "மாமா எப்பப்பா வருவாங்க?" என்று பாரதி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து, நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ஒரே சைக்கிளில் பள்ளிக்கு வேலைக்கு வந்தவன்.