மயில் படம் போட்ட உறை

என்னங்க,

சோறும் நெத்திலிச் சம்பலும் மேசையில மூடி வச்சிருக்கேன். சட்டை அயர்ன் பண்ணியாச்சு. சாயங்காலம் உங்க ஸ்கூல் தோழி மாலாவோட புத்தக வெளியீட்டுல நல்லா பேசுங்க. முதல் பிரதி வாங்க, டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷரையே பிடிச்சுக் கொடுத்தவராச்சே நீங்க! என் வெளியீட்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட வரல.

நான் வரல. விக்காத என் புத்தகங்களைத் தூக்கிக்கிட்டு செகிஞ்சான் கோயில் திருவிழாவுக்குப் போறேன். வாசல்ல மேசை போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. கிளம்பும்போது சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வைங்க.

மேடையில நீங்க மாலாவுக்குப் பணம் வச்சுக் கொடுக்க உறை தேடி, உங்க டிராயரைத் திறந்தேன். மயில் படம் போட்ட உறைக்கட்டு இருந்துச்சு. என் வெளியீட்டன்னிக்குப் பேர் எழுதாம முந்நூறு வெள்ளிப் பணம் வந்துச்சே, அதே உறை. யாரோ ஒரு வாசகர்னு நினைச்சேன். அவரை நம்பித்தான் அடுத்த புத்தகத்துக்கு அச்சகத்துல முன்பணம் கட்டினேன்.

அன்பரசி

பி.கு: மாலா புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சு, ஓரமெல்லாம் குறிப்பு எழுதியிருக்கீங்க. அதுக்குக் கீழேயே என் புத்தகம், பிளாஸ்டிக்கூடப் பிரிக்காம. முந்நூறு வெள்ளியைத் திருப்பித் தந்துடுறேன்லா. பிரிச்சுப் படிங்க.