முட்டிவலி மாத்திரை ஒளித்த இடம்

அடியே, கிட்னிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். காலை மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறது. ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். மாத்திரை போட மறந்துவிட்டார் என்று மகளுக்குப் போன் போட்டு அழாதே.

மாற்றி வைத்த கல்லீரல் ஜோராக இருக்கிறதாம். அதைக் காக்கும் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறதாம். மாப்பிள்ளைக்கு விருந்து வைத்தே மாமனார் ஓட்டாண்டியான கதை. இதெல்லாம் டாக்டர் சொல்வது; ரிசல்ட் வரட்டும், அப்புறம் நான் நம்புகிறேன்.

முட்டிவலி மாத்திரையும் கிட்னிக்கு ஆகாது என்று நீ ஒளித்து வைத்ததற்கு நேற்று கத்திவிட்டேன். கத்தியது நானில்லை, முட்டி.

குழாய்க்காரன் வந்தால் பக்கத்திலேயே நில், திருகாணியைக்கூட விட்டுவைக்கமாட்டான். நீ சாப்பிடு, எனக்காகப் பட்டினி கிடக்காதே.

இன்னொன்று: நான் எவ்வளவு கத்தினாலும் ஒளித்த இடத்தைச் சொல்லாதே. சொன்னால் போட்டுவிடுவேன். அரிசி டப்பாவில் இல்லை, பார்த்துவிட்டேன்.