கைகாட்டியின் உயரம் இருபத்தேழடி பத்து அங்குலம்

அனுப்புபவர்:
கா. அமிர்தலிங்கம், பி.ஏ., எல்.டி.,
கணித உதவி ஆசிரியர்,
தெற்குத் தெரு, கல்லங்குறிச்சி,
அரியலூர் வழி, திருச்சிராப்பள்ளி ஜில்லா.

பெறுபவர்:
உயர்திரு டிவிஷனல் ஆபீசர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: கோடை விடுமுறையில் நடந்த உயர் கணித வகுப்பின் நோட்டுகளும் கருவியும் போலீசார் வசம் இருப்பது, மாணவன் செ. பூமாலையின் நடத்தைச் சான்றில் எழுதப்பட்ட குறிப்பை நீக்கக் கோருவது சம்பந்தமாக.

பார்வை: இதே விஷயமாக நான் அனுப்பிய மூன்று மனுக்கள். பதில் வராததால் எண் எதுவும் குறிப்பிட இயலவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

இது நான்காவது மனு. முதல் மனுவைப் போலீஸ் மேல் ஆபீசுக்கு அனுப்பினேன். பள்ளிக்கூட விஷயம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இரண்டாவதைக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினேன். போலீஸ் விஷயம் என்றார்கள். மூன்றாவது எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, அங்கே இருப்பவர்களுக்கும் தெரியாது. இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு திருச்சிக் கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிடும் என்பதால் மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் பதினாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கினாலும், காலேஜில் கணிதப் பிரிவில் சேர்ந்த மூன்றாம் மாதம் விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். டவுன் பிள்ளைகளுக்கு ஒரு அண்ணனோ மாமனோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பான். இவர்களுக்கு அப்படி ஆள் கிடையாது. ஆகவே ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும், தலைமை ஆசிரியரின் அனுமதியுடன், தினமும் காலை ஏழு முதல் பத்து மணி வரை திரிகோண கணிதமும் மேல்வகுப்பு அல்ஜீப்ராவும் நடத்தினேன். ஏழு பேர் வந்தார்கள். மே மாத வெயிலில், மார்க்கும் இல்லை பரீட்சையும் இல்லை என்று தெரிந்தும், கணக்குப் போடுவதற்காக நடந்து வந்த ஏழு பேர் அவர்கள்.

2. அவர்களில் ஒருவன் பூமாலை. தகப்பனார் செல்லமுத்து பண்ணையாள். அந்தக் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் இவன்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூற்றாறு மார்க் வாங்கியிருக்கிறான். மீதி நாலு மார்க் எங்கே போயிற்று என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

3. ஏறிப் பார்க்காமலே ஓர் உயரத்தை அளப்பது எப்படி என்பது திரிகோண கணிதத்தின் முதல் பாடம். அதற்காகத் தச்சரிடம் சொல்லி அரைவட்டப் பலகை ஒன்று செய்வித்தேன். விளிம்பில் பாகைகள் குறித்து, பார்ப்பதற்கு ஒரு மூங்கில் குழலும், கீழே கொத்தனாரின் தூக்குக்குண்டும் கட்டியிருந்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் அது என்னவாகத் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. வாத்தியார்கள் யோசிக்காத விஷயங்கள் நிறைய.

4. மே இருபதாம் தேதி வீட்டுக்கணக்கு ஒன்று கொடுத்தேன். அவரவர் ஊரில் ஏறமுடியாத உயரம் ஒன்றை அளந்து வரவேண்டும். ஒருவன் கோயில் கொடிமரத்தை அளந்தான். இன்னொருவன் பனைமரத்தை அளந்து, காற்றில் ஆடுகிறதென்று என்னிடம் சண்டைக்கு வந்தான். பூமாலை ரயில் பாதையின் கைகாட்டி மரத்தை, அதாவது சிக்னல் கம்பத்தை, அளந்தான்.

5. அவன் ஏன் கைகாட்டியைத் தேர்ந்தெடுத்தான் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தண்டவாளங்களைப் பெயர்த்த சென்ற ஆகஸ்டுக் கலகத்துக்குப் பிறகு, பாதையோரக் கிராமத்தார் முறை வைத்து ரயில் பாதையைக் காவல் காக்க வேண்டுமென்று உத்தரவு இருக்கிறது. அந்தக் கைகாட்டியின் கீழ் பகல் முறை காப்பவர் செல்லமுத்து. தகப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோன பையன், வேலிக்கு இந்தப் பக்கம் வண்டிப்பாதையில் நாற்பதடி தள்ளி நின்று, முப்பது பாகைக் கோணம் பார்த்து, தன் கண் உயரம் நாலடி ஒன்பது அங்குலத்தைக் கூட்டி, இருபத்தேழடி பத்து அங்குலம் என்று விடை எழுதினான். ரயில்வே நிலத்தில் அவன் கால் படவில்லை.

6. அன்று சாயங்காலம் ரோந்து வந்த கான்ஸ்டபிளிடம் செல்லமுத்து தாமாகவே, "எம் மவன் கீழ நின்னுக்கிட்டே கைகாட்டி எவ்ளோ ஒசரம்னு சொல்லிட்டானுங்க, மேல ஏறக்கூட இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் ஒரு போலீஸ்காரரிடம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாள் ஸ்டேஷனுக்கு அழைத்து அதை எழுதி வாங்கினார்கள். மகனுடைய கெட்டிக்காரத்தனத்தைச் சர்க்காரில் பதிந்துகொள்கிறார்கள் என்று நினைத்து அவர் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். பிறகு ஸ்டேஷனில் நான் பார்த்த வழக்குக் கட்டின் முதல் காகிதம் அதுதான். ரயில்வே அமைப்பை அளவெடுத்ததாக வந்த தகவல் என்று அதற்குத் தலைப்பு.

7. மே இருபத்திரண்டாம் தேதி வகுப்பு நடக்கும்போதே பலகையையும் ஏழு நோட்டுகளையும் எடுத்துப் போனார்கள். நோட்டுகளில் ரகசிய எழுத்து இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். அது கோணத்தைக் குறிக்க உலகமெங்கும் எழுதுகிற கிரேக்க எழுத்து. ஜப்பான் எழுத்தா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதிக்கொடுத்தேன். மறுநாள் முதல் மற்ற ஆறு பேரும் வரவில்லை. ஒருவனுடைய தாயார் என் வீட்டு வாசல்வரை வந்து, "எங்க புள்ளைக்குக் கணக்கே வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

8. நோட்டுகளில் உள்ளதை வரிக்கு வரி தமிழில் விளக்க வேண்டுமென்று என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். பதினோரு நாள் போனேன். எழுதிக்கொண்டவர் ஹெட் கான்ஸ்டபிள் தர்மராஜ். முதல் மூன்று நாள் சந்தேகத்துடன் கேட்டார். நாலாம் நாள் முதல் புரியாமல் கேட்டார். எட்டாம் நாள் அவரே பலகையை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் கொடிக்கம்பத்தை அளந்தார். பிறகு கயிறு விட்டுச் சரிபார்த்ததில் ஓர் அங்குலம்தான் வித்தியாசம் இருந்தது. "இவ்ளோதானா சார்? இதுக்கா பசங்கள இந்தப் பாடு படுத்தினோம்?" என்று என்னிடம் சொன்னார். இந்தக் கோடையில் நான் முழுசாக நடத்தி முடித்த பாடம் அவருக்கு நடத்தியதுதான்.

9. அவர் நேர்மையானவர். நோட்டுகளில் இருப்பது பள்ளிக் கணக்கே, தாம் செய்து பார்த்து உறுதிசெய்ததாக அறிக்கை அனுப்பினார். மேல் ஆபீசிலிருந்து அது ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. ஹெட் கான்ஸ்டபிள் டியூட்டி நேரத்தில் கணிதம் பயின்றது யார் உத்தரவின் பேரில் என்று கேட்டிருந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகி, இப்போது அவர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

10. இதற்கிடையில் தலைமை ஆசிரியர், தமக்கு எதற்கு வம்பு என்று, பூமாலையின் சர்ட்டிபிகேட்டில் நடத்தை என்ற இடத்தில் "போலீஸ் விசாரணையில் உள்ளது" என்று எழுதிவிட்டார். கல்லூரியில் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பையன் ரயிலேறி ஊருக்கு வந்தான். மறுநாளிலிருந்து தகப்பனோடு வயல் வேலைக்குப் போகிறான்.

11. வீட்டுக்கணக்கு கொடுத்தவன் நான். பலகை செய்வித்தவன் நான். யுத்த காலத்தில் ரயில் பாதைப் பக்கம் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டவனும் நானே. குறிப்பு யார் பெயரிலாவது இருந்துதான் ஆகவேண்டுமென்றால் என் பெயரில் இருக்கட்டும். எனக்கு இனி சேரவேண்டிய கல்லூரி எதுவும் இல்லை.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) பூமாலையின் சர்ட்டிபிகேட்டில் உள்ள குறிப்பை முப்பதாம் தேதிக்கு முன் நீக்க உத்தரவிடும்படியும்,

(ஆ) ஏழு நோட்டுகளையும் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பலகை திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை, ஸ்டேஷனிலேயே இருக்கட்டும். அங்கே அதை உபயோகிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

(இ) தங்கள் முன்னிலையில் விசாரணை நடக்குமானால், கட்டின் முதல் காகிதத்தைப் பையன் எதிரே வாசிக்க வேண்டாமென்று தனியே கேட்டுக்கொள்கிறேன். தகவல் யார் கொடுத்தது என்பது அவனுக்குத் தெரியாது. தாம் சொன்னதுதான் வழக்காயிற்று என்று அந்தத் தகப்பனுக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. இது மனுவில் எழுதத் தக்கதா என்று எனக்குத் தெரியவில்லை. செல்லமுத்து இன்றும் அதே கைகாட்டியின் கீழ்தான் கம்போடு காவல் நிற்கிறார். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "கணக்கு தப்பாப் போச்சுங்களா அய்யா? அதனாலதான் புடிச்சிக்கிட்டாங்களா?" என்று கேட்கிறார். மகன் உயரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டதால்தான் சர்க்காருக்குக் கோபம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். சரியான விடைதான் என்று நானும் பல தரம் சொல்லிவிட்டேன். வாத்தியார் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். அந்தக் கைகாட்டியின் உயரம் ரயில்வே ரிக்கார்டில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, தாங்கள் பிறப்பிக்கும் உத்தரவில் ஒரு வரியாகச் சேர்த்தால், நான் போய் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். சர்க்கார் காகிதத்தில் இருந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கா. அமிர்தலிங்கம்
(கையொப்பம்)

இடம்: கல்லங்குறிச்சி
தேதி: 18–6–1943