படியில்லாத கதவு

இன்று காலை முனியாண்டி அண்ணன் ரவாங்கிலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய காகிதச் சுருள் ஒன்றை மேசைமேல் வைத்தார். பிரிக்கும் முன்பே மசகெண்ணெய் வாசனை வந்துவிட்டது. நீங்கள் எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் மிஞ்சும் அதே வாசனை. உங்கள் அறையைக் காலி செய்தபோது சுவரிலிருந்து கழற்றினாராம். நான் வரைந்து கொடுத்த உங்கள் ஊர்ப்படம்.

ரவாங் ஈயச் சுரங்கத்தில் நீங்கள் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். நான் பிளான் வரைபவன். முனியாண்டி அண்ணன் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுபவர். முதல் நாள் உங்களைத் துரை என்று கூப்பிட்டேன். "துரைக்கு வெள்ளைச் சட்டை, தம்பி. எனக்கு எண்ணெய்ச் சட்டை. பேர் சொல்லு" என்றீர்கள், நம் ஆட்களிடம் கற்ற தமிழில். பெயர் என் வாயில் நுழையவில்லை. கடைசிவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டிவிட்டேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் செக் நாட்டில் உங்கள் மலைக் கிராமத்தைப் பற்றிச் சொல்வீர்கள். நான் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு கேட்பேன். ஓர் ஓடை, அதன் கரையோடு மேலேறும் ஒரே தெரு, முப்பது வீடு. மலையில் ஈயம் இருப்பது தெரிந்ததும் எங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறினார்கள். ஊரே அப்படி உண்டானதுதான். தலைமுறை தலைமுறையாகக் குடைந்ததில் ஒருநாள் மலையின் ஒரு பக்கம் உள்ளே விழுந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாயிற்று. "நம்ம ரவாங் குட்டை மாதிரிதான். ஆனா கால வச்சா குளிர்ல செத்துருவ" என்பீர்கள். ஈயம் தீர்ந்ததும் பெண்கள் லேஸ் பின்னிப் பிழைத்தார்கள். ஆண்கள் ஈயம் இருக்கும் நாடுகளைத் தேடிப் போனார்கள். அப்படித்தான் நீங்கள் எங்களிடம் வந்தீர்கள். சாலையோரம் நெடுக உயரமான கம்புகள் நட்டிருப்பார்களாம், பனியில் சாலை மறைந்தால் தடம் தெரிய. பனிக்காற்று அடித்தால் மாதா கோயில் மணியை விடாமல் அடிப்பார்களாம், வெளியே போனவன் சத்தத்தைப் பிடித்து வீடு வந்து சேர.

இத்தனையும் கேட்டவன்தான் நான்.

ஒருநாள் அதையெல்லாம் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தீர்கள். தாளின் மேல்பாதியில் ஊர், கீழ்ப்பாதியில் உங்கள் வீட்டு முகப்பு. அடியில் கல்சுவர், மேலே மரச்சுவர், செங்குத்தான கூரை. "இங்க் போட்டுக் குடு தம்பி. சுவத்துல மாட்டணும். ஊர் மறந்துபோகுது."

இரண்டே நாளில் முடித்தேன். ஒரு தப்பைத் திருத்தியும் கொடுத்தேன். மாடியில், கூரையின் முக்கோணத்துக்குக் கீழே, ஒரு கதவு போட்டிருந்தீர்கள். படி இல்லை, பால்கனி இல்லை. திறந்து காலை வைத்தால் விழ வேண்டியதுதான். "அவங்க ஊர்ல குதிச்சுத்தான் வேலைக்குப் போவாங்க போல" என்று முனியாண்டி அண்ணனும் சிரித்தார். நான் கதவை விட்டுவிட்டுச் சுவரை ஒரே சீராக இழுத்தேன்.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். உங்கள் கட்டைவிரல் மாடியில் போய் நின்றது.

"இங்க ஒரு கதவு இருந்துச்சு."

"படியில்லாம எப்படிங்க கதவு? தப்பாப் போட்டிருந்தீங்க, எடுத்துட்டேன்."

"தப்பா?"

"கட்டடத்துல அப்படி வைக்க மாட்டாங்க."

என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரி. இங்க் நல்லா இருக்கு" என்றீர்கள். நான் அடுத்த தாளை இழுத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குக் கோலாலம்பூரில் வேலை மாறியது. உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்கள். ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஞாயிறு வருகிறேன் என்றேன். சனிக்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது.

இன்று முனியாண்டி அண்ணன் கிளம்பும்போது கேட்டார். "அந்தக் கதவு கத தெரியுமாப்பா ஒனக்கு? காய்ச்சல்ல கெடந்தப்ப சொன்னாரு. பனி கொட்டுனா கீழ்வாசல் மூடிக்கிருமாம். மாடி வரைக்கும் ஏறிருமாம். அப்ப அந்தக் கதவத் தெறந்து பனி மேலயே நடந்து போவாங்களாம். வேல தேடிக் கெளம்புனப்ப அப்படித்தான் போனாராம். அவங்கம்மா அந்தக் கதவுலயே நின்னு பாத்தாங்களாம். அதோட சரி. அப்புறம் அம்மாவப் பாக்கவே இல்லையாம்."

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"நீ எங்க அவரச் சொல்ல விட்ட?"

அவர் போனபின் படத்தை விரித்தேன். என் கோடுகள் ஒன்றும் மங்கவில்லை. மாடிச் சுவரில் ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. ஒரு தரம் பட்டதல்ல. கட்டைவிரல் அகலத்துக்குத் தாள் கறுத்து, தேய்ந்து, மெலிந்திருக்கிறது.

"தப்பா?" என்று நீங்கள் கேட்ட அந்த ஒரு சொல் என்னோடு வந்துவிட்டது. இனி யாருடைய தாளில் ரப்பரை வைத்தாலும் அதுதான் முதலில் காதில் விழும்.

உங்கள் பென்சில் தாள் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அதிலிருந்து அளவெடுத்து, கறையின் மேலேயே கதவை வரைந்தேன். எண்ணெயில் இங்க் பிடிக்கவில்லை. மூன்று தரம் இழுத்தேன். பிறகு ஓரத்தில் மாடி அறையின் பிளானையும் போட்டேன். பிளானில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டியாக வேண்டும். உங்கள் தாளில் அது இல்லை, கேட்கவும் நீங்கள் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். வெளியே மாடி உயரத்துக்குப் பனி நிற்கிறது, தள்ளினால் திறக்காது. உள்பக்கம் திறப்பதாக வரைந்தேன். கதவை முழுக்கத் திறந்த பிறகும் வாசலில் ஓர் அம்மா நிற்க இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன்.