தலையாட்டிய வருடம்

1986 ஜனவரி 13

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் கடைவரிசையின் மேல்மாடியில் கல்லூரி. கீழே டயர் கடை. காற்றடிக்கும் சத்தத்தில் பாதி வகுப்பு கேட்காமல் போகிறது. அதுவும் நல்லதற்குத்தான். நான் படித்தது வரலாறு. எனக்குக் கொடுத்திருப்பது பொருளாதாரம். முதலாளி நடராஜா ஒரு கட்டு பாடக்குறிப்பு நகலைக் கையில் தந்தார். "வாசிங்க மிஸ், எழுதிக்குவாங்க. யூனிவர்சிட்டியில உங்களுக்கு என்ன பண்ணாங்க? அதேதான்லா."

பொய்யில்லை. மூன்று வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரோ வாசித்ததை எழுதினேன். ஒரு தடவையும் கை தூக்கியதில்லை. அதற்குப் பட்டம் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். அரசாங்கம் ஆள் எடுக்கவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் இன்னும் நான்தான் ஒரே பட்டதாரி; அப்பா தோட்ட ஆபீசுக்குப் புதிதாக வரும் கிராணியிடமெல்லாம் சொல்கிறார்.

ஜனவரி 29

ரமணி என்ற மாணவி கேட்டாள்: "மிஸ், வெல ஏறுனாலும் சில சாமான் மட்டும் ஏன் நெறைய விக்குது?" பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். மணி அடிக்கும்வரை துடைத்தேன்.

பிப்ரவரி 8

மூன்று மாதச் சோதனைக் காலத்துக்குள் எங்கள் தோட்டத்திலிருந்து ஆள் சேர்த்தால்தான் வேலை நிரந்தரமாம். எனக்குப் பேச வராது என்றேன். நடராஜா சிரித்தார். "பேசாதீங்க. பட்டமளிப்பு அங்கிய போட்டுக்கிட்டு மேடையில உக்காருங்க, போதும். பேசுற ஆள நம்பமாட்டாங்க மிஸ். பேசாத ஆளத்தான் நம்புவாங்க."

இங்கே இரண்டு வருடம் டிப்ளோமா, பிறகு லண்டன் பட்டம் - இதுதான் அவர் விற்பது. லண்டன் நடத்தும் முதல் பரீட்சை ஜூனில். கட்டணம் வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

பிப்ரவரி 15

பக்கத்து வீட்டு வேலம்மா அத்தை வந்தார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, சாயங்காலம் மாட்டுக்குப் புல். மாமா இல்லை. மகள் புஷ்பவள்ளி ஆறாம் படிவம் நன்றாகவே முடித்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. "ஒங்க காலேஜில சேக்கலாமா திலகம்? ரெண்டு மாட்ட வித்தா பணம் கட்டிருவேன்."

பார்க்கிறேன் அத்தை என்றேன். வேண்டாம் என்று சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 16

சொல்லவில்லை.

பிப்ரவரி 23

கோயில் மண்டபத்தில் கூட்டம். அங்கியை நடராஜா எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். வேறு பல்கலைக்கழகத்தின் நிறம். யாருக்குத் தெரியும்? நாற்பது நிமிடம் அவரே பேசினார். நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடியும் நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து வேலம்மா அத்தை எழுந்தார். "அவரு சொல்றது இருக்கட்டும். திலகம், நீ நம்ம புள்ள. நீ சொல்லும்மா. சேக்கலாமா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. நடராஜா மட்டும் பார்க்கவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

தலையாட்டினேன்.

"பாவம், கூச்சப்படுது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்போது அம்மா, "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னடி, கொறஞ்சா போயிருவ?" என்றார்.

கூச்சமா? இல்லை. கூச்சமாக இருந்தால் தலை குனிந்திருக்கும், ஆடியிருக்காது. தெரிஞ்சுதான் ஆட்டுனேன். தெரிஞ்சுதான்.

மார்ச் 3

வேலை நிரந்தரம் என்று கடிதம். எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பேர். காலையில் லோரி வந்து அத்தையின் மாடுகளை ஏற்றிப் போனது. ஒன்று சினையாம்.

ஏப்ரல் 10

புஷ்பா முன்வரிசையில் உட்காருகிறாள். வகுப்பு முடிந்ததும், மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நேத்து ஒரே பக்கத்த ரெண்டு தடவ வாசிச்சிட்டீங்க. நடுவுல ஒரு பக்கம் காணோம்." இருபது பேர் இரண்டு தடவையும் எழுதியிருக்கிறார்கள். அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது.

மே 20

ஜூன் பரீட்சைக்கு ஒருவருக்கும் தேர்வு எண் வரவில்லை. நடராஜாவிடம் கேட்டேன்.

"டிசம்பர்ல எழுதட்டும்."

"பரீட்சைப் பணம் கட்டிட்டாங்களே சார்."

"கட்டுனாங்க. லண்டனுக்கு நான் கட்டல." பேனாவை மூடி வைத்தார். "ஒங்க சம்பளம் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க மிஸ்?"

மே 22

எல்லாரும் அலுவலகத்துக்கு முன்னால் கூடிவிட்டார்கள். முன்னால் புஷ்பா. "எங்க நம்பர் எங்க?" நடராஜா என் முதுகைத் தொட்டு வெளியே தள்ளினார். "நீங்க சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

பத்து நிமிடம் பேசினேன். லண்டனில் விதியை மாற்றிவிட்டார்கள், முதல் குழுவுக்கு டிசம்பர்தான், அவசரப்பட்டு எழுதித் தோற்பதைவிட ஆறு மாதம் படித்து எழுதுவது மேல் - எங்கேயிருந்து வந்தது இதெல்லாம்? ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கடைசியாகப் புஷ்பா. "நீங்க சொன்னா சரிக்கா."

கழிவறையில் போய் நின்றேன். கண்ணாடியில் முகம் சிவந்திருந்தது. வெட்கத்தால் இல்லை. நன்றாகப் பேசினோம் என்று சந்தோஷம். என்ன பொம்பள நான்?

டிசம்பர் 9

டிசம்பர் பரீட்சைக்கும் எண் வரவில்லை. புஷ்பா நின்றுவிட்டாள். ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டாம்.

1987 பிப்ரவரி 1

தண்ணீர்க் குழாயடியில் வேலம்மா அத்தை. என்னைக் கண்டதும் வாளியை இழுத்துக்கொண்டு மற்றவர்களிடம் சொன்னார்: "என் மாட்டத் தின்ன புள்ள வருது. வழி விடுங்கடி." எல்லாரும் விட்டார்கள். அம்மாவும் வரிசையில் நின்றிருந்தார்.

பிப்ரவரி 27

ரவாங்குக்கு வீடு மாறினோம். அப்பா தோட்டத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 12

பத்தாங் காலி தோட்டத்தில் கூட்டம். நடராஜா வரவில்லை, நானே பேசினேன். ஏழு பேர் சேர்ந்தார்கள்.

ஏப்ரல் 14

புஷ்பா அலுவலகத்துக்கு வந்தாள். விரல்களில் தோல் உரிந்திருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பாம். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"காசு கேட்டு வரலக்கா. நீங்க தோட்டம் தோட்டமா போறீங்கல்ல? என்னையும் சேத்துக்குங்க. எனக்கும் நல்லா பேச வரும்."

வரும். என்னைவிட நன்றாக வரும்.

"இந்த வேலைக்குப் பட்டம் வேணும் புஷ்பா" என்றேன்.

"ஆமாக்கா" என்று படியிறங்கினாள்.

வெளியே பெஞ்சில், மகளைச் சேர்க்க வந்து காத்திருந்த ஒரு தாயை உள்ளே வரச் சொன்னேன்.