கவலையாக இருந்தால் கூட்டி வாருங்கள்

ஆல்டர்ஷாட்,
பிப்ரவரி 11

அன்புள்ள பிமலா அக்காவுக்கு,

பினிதா வணங்கி எழுதுவது. போக்ரா குளிரில் நீயும் அம்மாவும் சுகம்தானே? இத்தனை நாள் பதில் போடவில்லை என்று கோபிக்காதே. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

ஜூனு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள்.

காய்ச்சல் வந்த அன்று அவர் பட்டாளப் பயிற்சிக்குப் போயிருந்தார். குழந்தை துவண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் அவ்வளவு இதமாகப் பேசினாள். "கவலையா இருந்தா தாராளமா கூட்டிட்டு வாங்க, உங்க இஷ்டம்தான்" என்றாள். "பரவாயில்லைங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். டீ வேண்டுமா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்போமே, அதே வாய்தான் அக்கா. மறுபடி வற்புறுத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவசரமென்றால் நம் ஊர் டாக்டர் போல அதட்டியிருப்பாளே என்று நினைத்து, மறுநாள் முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் வலிப்பு வந்தது. மூளைக்காய்ச்சலாம்.

இந்த வெள்ளைக்கார ஊரில் யாரும் அதட்டுவதில்லை. பக்கத்து வீட்டு பூர்ணமாயா அத்தை, "எனக்கு அவங்க பேசுறது ஒரு வார்த்தை புரியாது. பேரனைத் தூக்கிட்டுப் போய் உக்காந்துடுவேன், பாக்காம எந்திரிக்க மாட்டேன். நீதான் இங்கிலீஷ்ல பி.ஏ. ஆச்சே!" என்றாள். கிண்டலாக ஆரம்பித்தவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கவலை இருந்தால் அழைத்து வரச் சொன்னோம், தாய் பரவாயில்லை என்றார் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அவர், "உனக்குக் கவலையே இல்லையா, பினி?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அப்புறம் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

நேற்று குக்கர் மூடி என் கைதவறித் தரையில் விழுந்தது. எனக்கே தூக்கிப் போட்டது. ஜூனு திரும்பவில்லை. இரண்டு காதுமே போய்விட்டது என்று டாக்டர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சோறூட்டும் சடங்குக்கு வாங்கும் கொலுசில் எத்தனை மணி வைக்க என்று கேட்டிருந்தாய். மணி இல்லாமலே வாங்கு. அம்மா கேட்டால், இப்போது அதுதான் எல்லோரும் போடுகிறார்கள் என்று சொல்லிவிடு.

புறப்பட்டு வரட்டுமா என்று போனில் இரண்டு தடவை கேட்டாய். உனக்கு எதுக்குச் சிரமம் என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு தடவை கேள், அக்கா.

உன் தங்கை,
பினிதா