மண் இளகும் வரை

சித்தூர்
17-2-1975

அன்பு மகள் செல்லாத்தாளுக்கு,

அப்பன் சென்னியப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். மாசி பிறந்தும் கணவாய்க் காற்று நிற்கவில்லை, பனையோலை நாள் பூராவும் சலசலக்கிறது. புளி வரத்து ஆரம்பித்துவிட்டது. மூணாறு எஸ்டேட் கடைகளுக்கு வெல்லமும் மிளகாயும் வழக்கம்போல் லாரியில் போகிறது. வியாபாரத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் கடிதமும் மாப்பிள்ளை கடிதமும் சேர்ந்தே வந்தன. குழந்தை தவறி ஒரு மாதம் தாண்டிவிட்டது, இன்னும் மண்ணுக்குள் வைக்கவில்லை என்பது எனக்கு முதலில் விளங்கவே இல்லை, மறுபடியும் படித்தேன். பூமி நாலடி ஆழத்துக்கு உறைந்து கல்லாகக் கிடக்கிறது, வெயில் காலம் வந்து இளகினால்தான் குழி வெட்டுவார்கள், அதுவரை இடுகாட்டுக்கு முன்னால் சாலையோரம் இருக்கிற கல் கட்டடத்தில் பெட்டியோடு வைத்திருப்பார்கள், குளிர்காலத்தில் இறந்தவர் யாரானாலும் இந்த ஜில்லாவில் அதுதான் வழக்கம் என்கிறாய். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குக் குளிராதுங்களா என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆராய்ச்சியில் வேலை என்று நீ அமெரிக்காவில் டகோட்டா போன புதிதில் எழுதினதெல்லாம் பெட்டியில் இருக்கிறது. ஆனி மாதம் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம், கண்ணுக்கெட்டின தூரம் கதிர் என்று எழுதியிருந்தாய். ஒரே நாளில் இரண்டு நாள் வியாபாரம் பண்ணலாமே என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஐப்பசியிலேயே பனி விழுந்தது, தடுக்க ஒரு குன்றுகூட இல்லாமல் வடக்கே இருந்து நேரே காற்று வருகிறது, புயல் நாளில் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே கயிறு கட்டி அதைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள் என்று அடுத்து எழுதினாய். கயிற்றைப் புடிச்சு நடக்கிற ஊர்லயா என் மக பெத்துக்கோணும் என்று உன் அம்மா அப்போதே கேட்டாள். ஊருக்கு ஒரு காலம், அந்த ஊர்ப் பெண்கள் பெறவில்லையா என்று வாயை அடைத்தேன். அப்படி ஒரு புயலிலேயே பிறந்து, இரண்டு நாள் இருந்து, போய்விட்டான்.

எது எங்கே நின்று போனாலும், ஏன் நின்றது, யாரைப் பிடித்தால் நகரும் என்று பார்த்தே பழகினவன் நான். அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கூலி கூடக் கொடுத்தால் ஆள் வரமாட்டார்களா? கடப்பாரை இறங்காவிட்டால் மேலே விறகைப் போட்டு எரிக்கட்டும், இங்கே பாறையை அப்படித்தான் பிளக்கிறார்கள். அத்தனை பெரிய யந்திரங்கள் ஓடுகிற ஊரில் ஒரு சின்னக் குழிக்கு வழியில்லையா? மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்.

போன வாரம் லாரியோடு நானே மூணாறு போனேன். கடைக்காரன் பெரியமுத்துவைக் கூட்டிக்கொண்டு, விடிகிற நேரம் எஸ்டேட் பள்ளத்துக்கு இறங்கினேன். புல் மேல் உப்புத் தூவினது மாதிரி உறைபனி. எப்போதும் அதைப் பார்த்தால் தளிர் கருகும், எஸ்டேட்டில் வேலை குறையும், அடுத்த லோடைக் குறைக்க வேண்டும் என்றுதான் கணக்கு ஓடும். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நின்றேன். என்ன முதலாளி, பனியையும் எடை போட்டு வாங்கப் போறீகளா என்று பெரியமுத்து சிரித்தான். விஷயத்தைச் சொன்னேன். தன் மப்ளரை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். குச்சியால் தரையைக் குத்தினேன். கீழே மண் பொலபொலவென்றுதான் இருந்தது. வெயில் ஏறினதும் பனி தண்ணீராகிப் போயிற்று. எனக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான்.

பிள்ளை மண்ணுக்குள் போகும் வரை தீட்டு என்று உன் அம்மா விளக்கு ஏற்றுவதில்லை. பல் முளைக்காத பிள்ளைக்கு ஏது தீட்டு, தலைக்கு ஊத்தினாப் போச்சு என்று உன் அத்தை முத்தாத்தாள் வந்து சத்தம் போட்டாள். உம் மருமகன் படிச்ச படிப்புக்கு ஒரு குழி வெட்டத் தெரியலையாக்கும் என்றும் ஒரு குத்து. மூணாம் நாள் பால் ஊத்தோணும், எந்த நாள்ல இருந்து எண்ணறது, எந்த மண்ணுல ஊத்தறது, நீங்களே சொல்லுங்க என்று உன் அம்மா கேட்டாள்.  முத்தாத்தாள் போகும்போது மாட்டுத் தொழுவத்தில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

அம்மாவுக்கென்று நீ எழுதின பத்தியையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆம்பிளை படிக்கிற விஷயம் இல்லை. படித்தேன். மல்லிகைப் பூவை வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று எழுதச் சொன்னாள். அந்தப் பனியில் மல்லிகைக்கு எங்கே போவாள் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

உன் அப்பன்,
சென்னியப்பன்


சித்தூர்
31-3-1975

அன்பு மகள் செல்லாத்தாளுக்கு,

அப்பன் எழுதுவது. உன் பதில் வந்தது. மாப்பிள்ளை போய்க் கேட்டதும், இடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னதும் தெரிந்தது. விறகு எரித்துப் பார்த்த காலமும் உண்டாம், பாதி வெட்டுவதற்குள் ஓரமெல்லாம் மறுபடி உறைந்துவிடுமாம். தன் தாயையே ஒரு குளிர்காலம் பூராவும் அந்தக் கட்டடத்தில்தான் வைத்திருந்ததாகச் சொன்னாராம். அப்படிப்பட்ட மனுசனிடம் என்ன பேரம் பேச முடியும்? இனி நான் யோசனை சொல்லவில்லை.

கூரையில் இருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது என்று ஆரம்பித்திருந்தாய். உன் அம்மா முகம் தெளிந்தது. அதே கடிதத்தின் கடைசியில் மறுபடி புயல், மறுபடி எல்லாம் கல் என்று எழுதியிருக்கிறாய். உருகினாலும் ஆறு ஏறி வயலெல்லாம் தண்ணீர் நிற்குமாமே. ஒன்று கல், இல்லாவிட்டால் சேறு. நடுவில் அந்த ஊரில் மண் எப்போதுதான் மண்ணாக இருக்கும்?

இங்கே பங்குனி வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கை நுழைகிற வெடிப்பு. நேற்று சாயங்காலம் உன் அம்மா வரப்பில் நின்று அதில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். திரும்பிவிட்டேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாயிற்று. நம் ஊட்டில் இருந்து மாவிளக்குப் போகவில்லை. ஊரார் கேட்டார்கள். அமெரிக்காவில் பனி இளகவில்லை என்றேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்த்தார்கள்.

குழி வெட்டுகிற நாள் தெரிந்ததும் தந்தி அடி. தந்தியில் ஒரு வார்த்தை கூடினாலும் குமாஸ்தாவைத் திட்டுகிறவன் நான். நீ எண்ணாதே, என்ன தோன்றுகிறதோ அடி. மூன்றாம் நாள் இங்கே வாசல் மண்ணில் பால் ஊற்றுவதாக உன் அம்மா சொல்கிறாள். எங்கே ஊத்தினாலும் கீழே போனா ஒரே மண்ணுதானுங்களே என்கிறாள். 

மாப்பிள்ளை தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். நீ தினமும் நடந்து போய் அந்தக் கட்டடத்துக் கதவோரம் நிற்கிறாயாம். இந்தக் காற்றில் நிற்கக்கூடாது, போகாதே என்று நீங்கள் எழுதினால் கேட்பாள் மாமா என்கிறார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

போய்விட்டு வா. தலைக்கும் காதுக்கும் கம்பளி சுற்றிக்கொண்டு போ. கையுறையைக் கழற்றிவிட்டு மட்டும் அந்தக் கதவைத் தொடாதே சாமி. இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று போன வருசம் நீதான் எழுதியிருந்தாய்.

நீ நல்லா இருக்கோணும்.

உன் அப்பன்,
சென்னியப்பன்